குடிப்பவரே அரைக்க வேண்டும்

பழத்தை அரைத்துக் குடிப்பதற்கு ஸ்மூத்தி என்று பெயர் வந்த பிறகு அதற்குத் தனி மரியாதை வந்துவிட்டது. அதே வாழைப்பழம், அதே தயிர், அதே மிக்ஸி. ஆனால் நீளமான கண்ணாடி டம்ளரில் ஊற்றி, மேலே கொஞ்சம் சியா விதையைத் தூவிவிட்டால் விலையும் ஏறுகிறது, "ஆரோக்கிய பானம்" என்ற பட்டமும் சேர்ந்துகொள்கிறது. ஒரு கூட்டம் இதை அமிர்தம் என்கிறது. இன்னொரு கூட்டம் "எல்லாம் வெறும் சர்க்கரைத் தண்ணீர், தொடவே கூடாது" என்கிறது. இந்தச் சண்டையில் ஒரு கேள்வியை யாருமே கேட்பதில்லை. அதை அரைத்தது யார்?

கேள்வி சாதாரணமாகத் தெரியலாம். ஆனால் வீட்டு ஸ்மூத்தி நல்லதா கெட்டதா என்பதில் பாதி பதில் அதற்குள்தான் இருக்கிறது.

மிக்ஸி வந்த கதை

அமெரிக்காவில் ஸ்டீபன் போப்லாவ்ஸ்கி என்பவர் 1922-இல் ஒரு பாத்திரத்தின் அடியில் சுழலும் பிளேடைப் பொருத்தினார். சோடாக் கடைகளில் மால்ட் கலந்த பாலை அடித்துக் கொடுப்பதற்காகச் செய்தது அது. 1937-இல் பிரெட் வேரிங் என்ற இசைக்குழுத் தலைவர் பிளெண்டரைப் பிரபலப்படுத்தினார். பாட்டுக்காரர் மிக்ஸி விற்றார் என்றால் இன்று சிரிப்பாக இருக்கும், ஆனால் அப்படித்தான் அது வீடுகளுக்குள் போனது. 1973-இல் ஸ்டீவ் குனாவ் என்பவர் லூசியானா மாநிலத்தில் ஸ்மூத்திக்கென்றே ஒரு கடை திறந்தார். பால் ஒத்துக்கொள்ளாத உடம்பு அவருக்கு. அதனால் பழத்தை அரைத்துக் குடித்துப் பார்த்தவர். அதாவது இந்தக் கடைத் தொழிலே ஒரு மனிதர் தனக்குத் தானே அரைத்துக்கொண்டதில் இருந்து வந்ததுதான்.

இந்திய மிக்ஸியின் கதையும் சுவாரஸ்யமானது. வெளிநாட்டு மிக்ஸி நம் ஊர்ச் சமையலின் அரைப்புக்குத் தாங்காமல் பழுதாகிப்போக, சீமென்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த எஸ்.பி. மாத்தூர் தானே ஒன்றை உருவாக்கினார். 1963-இல் வந்த அந்த மிக்ஸிதான் சுமீத். தமிழ்நாட்டில் 2011-இல் தொடங்கிய விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டம் மிக்ஸியைக் குடிசை வீடு வரை கொண்டுபோய்ச் சேர்த்தது. எனவே ஸ்மூத்திக்கென்று பல ஆயிரம் ரூபாய்க்குத் தனி பிளெண்டர் வாங்க வேண்டும் என்பது விளம்பரப் பேச்சு. உளுந்தையும் மிளகாயையும் அரைக்கும் இயந்திரத்துக்கு ஒரு வாழைப்பழம் எந்த மூலைக்கு?

கடையும் டப்பாவும்

வீட்டில் ஏன் செய்ய வேண்டும்? கடையில் கிடைக்கிறதே என்று கேட்கலாம். ஜூஸ் கடையில் நிற்பவர் பார்ப்பது பழத்தை. பார்க்காமல் விடுவது, ஓரத்தில் இருக்கும் சீனிப்பாகுப் பாத்திரத்தை. ஐஸ் அதிகமானால் இனிப்பு மங்கும். அதை ஈடுகட்டப் பாகு ஒரு கரண்டி கூடும். "சர்க்கரை இல்லாமல்" என்று கேட்டால் சிலர் போடுவதில்லை, சிலருடைய கை பழக்கத்தில் தானாகப் போய்விடுகிறது.

டப்பாவில் வருவது இன்னொரு ரகம். இந்திய விதிகளின்படி "பழ பானம்" என்ற வகையில் பழச்சாறு குறைந்தது 10 சதவீதம் இருந்தால் போதும், எலுமிச்சை என்றால் 5 சதவீதமே போதும். மீதி பெரும்பாலும் தண்ணீரும் சர்க்கரையும். அட்டைப்படத்தில் மட்டும் முழு மாம்பழம் சாறு சொட்டச் சொட்டத் தொங்கும்! அடர்சாற்றில் தண்ணீர் கலந்து தயாரிக்கும் சாறுகளில் "100 சதவீதம் பழச்சாறு" என்று போடுவது தவறான தகவல், அதை நீக்குங்கள் என்று 2024 ஜூன் மாதம் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. அதுவரை அந்த வாசகத்தை நம்பி வாங்கியவர்கள் எத்தனை பேரோ.

வீட்டில் இந்தத் திரை கிடையாது. சர்க்கரை டப்பாவைத் திறக்கும் கையும் டம்ளரைத் தூக்கும் கையும் ஒன்று. வீட்டு ஸ்மூத்தியின் மிகப் பெரிய நன்மை இதுதான், வைட்டமின் எல்லாம் அதற்குப் பிறகு.

நார்தான் அப்படியே இருக்கிறதே?

இங்கேதான் ஆர்வக்காரர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். "ஜூஸில் சக்கையை வடிகட்டி எறிகிறார்கள், ஸ்மூத்தியில் நார்ச்சத்து அப்படியே இருக்கிறது, எனவே பழம் சாப்பிடுவதும் இதுவும் ஒன்று" என்பது அடிக்கடி கேட்கும் வாதம். முதல் பாதி சரி. இரண்டாம் பாதி சரியில்லை.

1977-இல் பிரிஸ்டல் நகர ஆய்வாளர்கள் பத்துப் பேருக்கு ஆப்பிளை மூன்று விதமாகக் கொடுத்துப் பார்த்தார்கள்: முழுப் பழமாக, கூழாக, சாறாக. மூன்றிலும் மாவுச்சத்தின் அளவு ஒன்றுதான். முழுப் பழத்தைத் தின்பதைவிட 11 மடங்கு வேகமாகச் சாற்றைக் குடிக்க முடிந்தது. வயிறு நிறைந்த உணர்வு முழுப் பழத்தில் அதிகம், கூழில் அதைவிடக் குறைவு, சாற்றில் மிகக் குறைவு. சாறும் கூழும் உள்ளே போனபோது இன்சுலினும் முழுப் பழத்துக்குச் சுரந்ததைவிட அதிகமாகச் சுரந்தது. பல்லுக்கு வேலை கொடுக்காமல் வயிற்றை ஏமாற்ற முடியாது என்பதற்கு இதைவிட எளிய சான்று தேவையில்லை.

எதிர்த் தரப்பிலும் ஒரு செய்தி உண்டு. 2020-இல் பிளிமத் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில், விதையுள்ள பெர்ரி போன்ற பழங்களை விதையோடு அரைத்துக் குடித்தவர்களுக்கு, முழுப் பழத்தைத் தின்றவர்களைவிட ரத்தச் சர்க்கரை குறைவாகவே ஏறியது. விதை உடைந்து அதன் நாரும் கொழுப்பும் வெளிவருவது காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். ஆக "ஸ்மூத்தி விஷம்" என்று தீர்ப்பு எழுதுவதும் அவசரம்தான். எந்தப் பழம், எவ்வளவு, எதோடு என்பதைப் பொறுத்தது அது.

ஒரு டம்ளர் கணக்கு

இரண்டு நடுத்தர வாழைப்பழம், ஒரு கப் மாம்பழத் துண்டு, ஒரு மேசைக்கரண்டி தேன். கேட்க ஆரோக்கியமாக இருக்கிறது. வாழைப்பழம் இரண்டிலும் சேர்த்து ஏறத்தாழ 28 கிராம் சர்க்கரை, மாம்பழத்தில் 22 கிராம், தேனில் 17 கிராம். மொத்தம் 67 கிராம், அதாவது பதினாறு தேக்கரண்டிக்கு மேல். வெள்ளைச் சர்க்கரை ஒரு சிட்டிகைகூடப் போடவில்லை என்று பெருமைப்பட்டுக்கொண்டே இதைக் குடித்துவிடலாம்.

உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், தனிச்சர்க்கரை ஒரு நாளைய மொத்த ஆற்றலில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள், அதாவது சுமார் 25 கிராமுக்குள் நின்றால் இன்னும் நல்லது என்கிறது. பழச்சாறும் தேனும் அந்தக் கணக்கில் வரும். முழுப் பழம் வராது. பிரிட்டன் 2018-இல் ஏற்றுக்கொண்ட வரையறையில் பழக்கூழும் சேர்ந்துவிட்டது. ஜூஸ், ஸ்மூத்தி இரண்டும் சேர்த்தே ஒரு நாளைக்கு 150 மில்லிலிட்டர் போதும் என்பது அந்த நாட்டு அரசு மருத்துவச் சேவையின் அறிவுரை. ஒரு சின்ன டம்ளர், அவ்வளவுதான்.

இந்தியாவில் இது வெறும் ஏட்டுக் கணக்கு இல்லை. 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு, நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. தாத்தாவும் அப்பாவும் மாத்திரை போடும் வீட்டில் வளரும் பிள்ளை "பழம்தானே" என்று தினமும் அரை லிட்டர் குடிப்பது நல்ல பழக்கம் ஆகாது. ஏற்கெனவே நீரிழிவோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கவே கூடாது.

சரி, எப்படிச் செய்வது?

ஒரு ஆளுக்கு ஒரு பழம் என்பது நல்ல அளவு. கூட நான்கு மேசைக்கரண்டி தயிர், கொஞ்சம் தண்ணீர், ஒரு சிட்டிகை ஏலக்காய். இனிப்பு வேண்டுமென்றால் சர்க்கரை டப்பாவைத் தேடாமல், தோல் கறுத்துவிட்டது என்று யாரும் தொடாத வாழைப்பழத்தைத் தேட வேண்டும். பழம் கனியக் கனிய அதன் மாவுச்சத்து சர்க்கரையாக மாறுகிறது. குப்பைக்குப் போக இருந்த பழம்தான் இருப்பதிலேயே இனிப்பானது. ஐஸ் கட்டி போட்டுப் பிளேடை வதைப்பதைவிட, அந்தப் பழத்தை உரித்து, நறுக்கி, டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிடலாம். குளிர்ச்சியும் கெட்டித்தன்மையும் சேர்ந்தே வரும். ஜாரை முக்கால் வரை நிரப்பாமல், விப்பரில் நாலைந்து முறை விட்டு விட்டு அடித்தாலே மசிந்துவிடும்.

மாம்பழக் காலத்தில் மாம்பழமும் மோரும், ஒரு சிட்டிகை உப்பும் வறுத்த சீரகமும். பப்பாளியில் எலுமிச்சையும் இஞ்சியும். பப்பாளி, அன்னாசி இரண்டையும் பாலில் போட்டு வைக்கக் கூடாது. அவற்றில் உள்ள நொதிகள் பாலின் புரதத்தைச் சிதைத்துக் கசக்க வைத்துவிடும். கையில் கிடைத்ததையெல்லாம் போட்டால் சத்து கூடும் என்பதும் தவறு. கலிபோர்னியாவில் டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் 2023 ஆய்வில், வாழைப்பழம் கலந்த ஸ்மூத்தி குடித்தவர்களுக்கு ஃபிளவனால் என்ற சத்து 84 சதவீதம் குறைவாகவே உடம்பில் சேர்ந்தது. நறுக்கிய வாழைப்பழத்தைக் கறுக்க வைக்கும் அதே நொதிதான் காரணம். வாழைப்பழத்துக்கு இதனால் ஒரு குறையும் இல்லை. திராட்சையையும் பெர்ரியையும் அதோடு சேர்க்காமல் தனியாக அரைத்தால் தீர்ந்தது.

கொய்யாவை மட்டும் தயவுசெய்து விட்டுவிடலாம். உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுக் கடித்துத் தின்பதற்கென்றே பிறந்த பழம் அது :-)

விடுதியில் மிக்ஸி இல்லையே என்பவர்களுக்கும் வழி உண்டு. நன்றாகக் கனிந்த பூவன் பழத்தை டம்ளரில் போட்டுக் கரண்டியால் மசித்து, தயிரை ஊற்றிக் கலக்கினால் போதும். கொஞ்சம் திப்பி திப்பியாக இருக்கும். இருக்கட்டுமே, பல்லுக்கும் வேலை வேண்டும் அல்லவா.

ஜாரை யார் கழுவுவது?

பல வீடுகளில் காலை ஏழு மணிக்கு நடப்பது இதுதான். அடுப்பில் இட்லி, இன்னொரு பக்கம் சட்னி, மேடையில் மூன்று டிபன் பாக்ஸ். உள்ளே இருந்து ஒரு குரல்: "அம்மா, இன்னிக்கு ஸ்மூத்தி போட்டுக் குடும்மா, டயட்ல இருக்கேன்." சட்னி ஜாரின் பூண்டு வாசம் போகத் தேய்த்து, பழம் நறுக்கி, அரைத்து, மேசைக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, காய்ந்து ஒட்டிய டம்ளரையும் பிளேடையும் மறுபடி கழுவுவது ஒரே ஆள். குடித்தவருக்கு ஆரோக்கியம், அரைத்தவருக்கு இன்னொரு வேலை. அவசரத்தில் அந்த அம்மா சாப்பிட்டாரா என்று கேட்பவர்கூட இருப்பதில்லை.

இது நியாயம் சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இல்லை, ஆரோக்கியக் கணக்கும் இங்கேதான் தவறுகிறது. கொண்டுவந்து கொடுத்த டம்ளரில் எத்தனை பழம், எத்தனை கரண்டி தேன் என்று குடிப்பவருக்குத் தெரியாது. பிள்ளை ஆசையாகக் குடிக்கட்டும் என்று அம்மா போடும் சர்க்கரையும், லாபத்துக்காகக் கடைக்காரர் ஊற்றும் பாகும் நோக்கத்தில் வேறு, உடம்புக்குள் ஒன்றுதான். தானே உரித்துப் போடுபவருக்கோ நாலாவது பழத்தில் கை தயங்கும். நாலு பழத்தை உட்கார்ந்து தின்ன மாட்டோமே, இதை மட்டும் எப்படிக் குடிப்பது என்று தோன்றும். ஜாரைக் கழுவ வேண்டும் என்ற சோம்பல் வந்தால் இன்னும் நல்லது. அந்தச் சோம்பலே பழத்தை அப்படியே கடித்துத் தின்ன வைத்துவிடும், அதைவிடச் சிறந்த செய்முறை எதுவும் இல்லை.

பல் இல்லாத பாட்டிக்கும், பழம் என்றாலே ஓடும் குழந்தைக்கும் யாராவது அரைத்துத்தான் கொடுக்க வேண்டும். அதை அன்போடு செய்யலாம். கையும் காலும் நன்றாக இருக்கும் இருபது வயதுக்காரர் வீட்டில் ஸ்மூத்தி குடிக்க ஆசைப்பட்டால், முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது எந்தப் பழத்தோடு எதைச் சேர்ப்பது என்பதை அல்ல. மிக்ஸியின் மூடியைக் கழற்றி, பிளேடுக்கு அடியில் ஒட்டியிருப்பதைச் சுத்தமாகக் கழுவி, கவிழ்த்து வைப்பதை.