உரிமம் வேண்டாத துப்பாக்கி

தளவானூர் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு ஞாபகம் வருவது மகேந்திரவர்ம பல்லவனின் குடைவரைக் கோயில்தான். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எங்கள் ஊர் மலையைக் குடைந்து சிவனுக்குக் கோயில் எடுத்தவன், தன் பட்டப்பெயர்களில் ஒன்றான சத்ருமல்லன் என்பதை அதற்குச் சூட்டி, சத்ருமல்லேஸ்வராலயம் ஆக்கினான். எதிரிகளோடு மல்லுக்கட்டுகிறவன் என்று அர்த்தம். இன்று நான் எழுத வந்தது கோயிலைப் பற்றி அல்ல. அந்த மல்லன் பெயர் சொல்லும் ஊரில், போன தை மாதம், நாலு கிழவர்கள் ஒரு துண்டுக் காகிதத்தோடு மல்லுக்கட்டிய கதை. அதையொட்டி எனக்கு ஒரு கருத்தும் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பணியிலிருந்து ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகிறது. நடைப்பயிற்சி, பேப்பர், சர்க்கரை மாத்திரை என்று போய்க்கொண்டிருந்தது. 2024 பாரிஸ் ஒலிம்பிக் சமயத்தில் பேரனோடு உட்கார்ந்து டி.வி. பார்த்ததில் வந்தது வினை. மனு பாக்கர் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் வெண்கலம் வாங்கினார். இரண்டு நாள் கழித்து சரப்ஜோத் சிங்கோடு சேர்ந்து கலப்புப் பிரிவில் இன்னொன்று. அதே கலப்புப் பிரிவில் துருக்கிக்காரர் ஒருவர், யூசுஃப் டிகேச், வயது 51. ஒரு கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு, சாதாரணக் கண்ணாடியோடு, கடைத்தெருவில் பஸ்ஸுக்கு நிற்பவர் மாதிரி நின்று வெள்ளி வாங்கிவிட்டுப் போனார்.

"தாத்தா, இது நீங்ககூட செய்யலாம் போலிருக்கே" என்றான் பேரன். அவனுக்குப் பதிமூன்று வயது. விளையாட்டாகச் சொன்னான். எனக்கு அது உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது.

விசாரித்தேன். போட்டிக்காரர்கள் பிடிக்கும் பிஸ்டல் லட்சத்தைத் தாண்டுகிறது. நம் நாட்டிலேயே செய்யும் சாதாரண ஸ்பிரிங் பிஸ்டல், நான் வாங்கியபோது ஏழாயிரத்துச் சொச்சம். குழலை மடக்கினால் உள்ளே ஸ்பிரிங் இறுகும். ஒரு ஈயக் குண்டை வைத்து மூடினால் தயார். 2016-ஆம் வருஷ ஆயுத விதிகளின்படி, 20 ஜூலுக்கு மேல் போகாத, 4.5 மில்லிமீட்டர் குழல் உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டாம். என்னுடையது மூன்று நான்கு ஜூல்தான் இருக்கும். கடைக்காரர் ஆதார் நகல் வாங்கிக்கொண்டு, பில் போட்டுக் கையில் கொடுத்துவிட்டார். ஸ்கூட்டர் ஓட்ட எட்டுப் போட்டுக் காட்டச் சொல்கிற நாட்டில், இதற்கு யாரும் எதையும் காட்டச் சொல்லவில்லை. அப்போது அது சௌகரியமாகத்தான் இருந்தது.

பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் களத்து மேட்டில் கூடினோம். நான், என் மைத்துனர், எங்கள் பழைய ஹெட்மாஸ்டர், பேரன். ராணுவத்தில் சுபேதாராக இருந்த நண்பர் செஞ்சியிலிருந்து வருவதாகச் சொல்லியிருந்தார். அவர் வரும்வரை பொறுக்க எங்களால் முடியவில்லை. போர்செட் கொட்டகையின் கருங்கல் சுவரில் ஒரு அட்டைப்பெட்டியைச் சாய்த்து, அதில் குறி அட்டையை ஒட்டினேன். பத்து மீட்டர் அளந்து கோடு கிழித்தேன்.

அட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பதினேழு சென்டிமீட்டர் சதுரம். நடுவில் பத்துக்கான வட்டம் குறுக்காக 11.5 மில்லிமீட்டர். உங்கள் சட்டைப் பொத்தானைக் குனிந்து பாருங்கள், கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதைப் பத்து மீட்டர் தள்ளி வைத்து, ஒற்றைக் கையை நீட்டி அடிக்க வேண்டும். ஒலிம்பிக்கில் இப்படி அறுபது குண்டு, எழுபத்தைந்து நிமிஷத்துக்குள்.

என் முதல் பத்துக் குண்டில் அட்டையில் பட்டது நாலு. மிச்சம் ஆறும் பெட்டியில். வயசானவனுக்குக் கை நடுங்குவது தெரிந்த கதை. கண் இப்படி மோசம் செய்யும் என்று எதிர்பார்க்கவில்லை. எனக்கு இரட்டை லென்ஸ் கண்ணாடி. மேல் பாதியில் பார்த்தால் அட்டை தெரிகிறது, குழல் முனையில் இருக்கும் முளை மங்குகிறது. கீழ்ப் பாதியில் பார்த்தால் முளை பளிச்சென்று தெரிகிறது, அட்டை காணாமல் போகிறது. தலையைக் கோழி மாதிரி ஆட்டிக்கொண்டிருந்தேன்.

ஹெட்மாஸ்டருக்கு எழுபத்திரண்டு வயது. காபி டம்ளரைத் தூக்கினாலே கை ஆடும். அவர் அடித்த பத்தில் ஒன்பது அட்டையில் பட்டது. சர்வீஸில் இருந்தபோது என்.சி.சி. பார்த்தவர். ரகசியம் கேட்டேன்.

"கை ஆடாத மனுஷன் கிடையாதுப்பா. ஆடறதை நிறுத்தப் பார்க்காதே. ஆடிக்கிட்டே விசையை மெதுவா அழுத்து. இப்ப வெடிக்கும்னு உனக்கே தெரியக் கூடாது. நீ நடுவுல வந்துடுச்சுன்னு வெடுக்குனு இழுக்கிற. அங்கதான் கெடுது. அட்டை மங்கலாத் தெரிஞ்சா தெரியட்டும், முளையை மட்டும் பாரு."

மலிவான ஸ்பிரிங் பிஸ்டலுக்கு இன்னொரு குணம் உண்டு. குண்டு குழலை விட்டு வெளியே வருவதற்குள் உள்ளே ஸ்பிரிங் ஓடி முட்டிக் கையை உலுக்கிவிடும். இறுக்கிப் பிடிக்கப் பிடிக்கக் குண்டு கண்டபடி போகும். தளர்த்தி, ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி பிடிக்க வேண்டும். இதைக் கற்றுக்கொள்ள ஒரு காலைப்பொழுது போயிற்று. நாலு கிழவர்களுக்கு அதைவிட நல்ல காலைப்பொழுது சமீபத்தில் வாய்த்ததில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். முழங்கால் வலியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

அடுத்து மைத்துனர் முறை. அவருடைய மூன்றாவது குண்டு பெட்டியையே தாண்டிக் கல்லில் பட்டது. 'டிக்' என்று ஒரு சத்தம். அடுத்த நொடி என் முகத்தில் யாரோ சுண்டிவிட்டது போல் இருந்தது. கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தேன். இடது லென்ஸின் ஓரத்தில் அரிசி அளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. நசுங்கிய ஈயம் என் காலடியில் கிடந்தது.

எனக்குக் கண்ணாடி இருந்தது. என் பக்கத்தில் ஒட்டி நின்றுகொண்டிருந்த பேரனுக்குக் கண்ணாடி கிடையாது.

யாரும் பேசவில்லை. மைத்துனர் பிஸ்டலைக் கீழே வைத்துவிட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்துகொண்டார். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. கருங்கல் சுவரில் பெட்டியைச் சாய்த்தவன் நான். ஒற்றை அட்டை போதும் என்று நினைத்தவன் நான். மூன்று நான்கு ஜூல் என்று அலட்சியமாகக் கணக்குப் போட்டவனும் நான்தான். கண்ணுக்கு அது தாராளமாகப் போதும்.

அரைமணி கழித்து சுபேதார் வந்தார். நடந்ததைக் கேட்டுவிட்டு, திட்டுவார் என்று பார்த்தால், "மூணு காலி மூட்டை இருக்குங்களா சார்?" என்றார். ஆற்று மணல் நிரப்பி, மூட்டைகளைச் சுவருக்கு முன்னால் அடுக்கி, அதில் அட்டையைக் குத்தினார். நாங்கள் கிழித்த கோட்டைச் சுண்ணாம்பால் தடிப்பாக்கினார். சுடுகிறவரைத் தவிர எல்லோரும் அதற்கு ஐந்தடி பின்னால். எல்லோர் கண்ணுக்கும் ஏதாவது ஒரு மறைப்பு. வெல்டிங் பட்டறையிலிருந்து இரவல் கண்ணாடி வந்தது. குழல் எப்போதும் மூட்டையைப் பார்த்தே இருக்க வேண்டும். விரல் கடைசி நிமிஷம்வரை விசைக்கு வெளியே. ஒருவர் அட்டை எடுக்கக் கோட்டைத் தாண்டினால், துப்பாக்கி மடக்கித் திறந்தபடி பெஞ்சில் கிடக்க வேண்டும், அதன்மேல் யார் கையும் இருக்கக் கூடாது. ஈயத்தைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் யாரும் முறுக்கில் கை வைக்கக் கூடாது.

"காலியா இருக்குன்னு நெனச்ச துப்பாக்கிதான் சார் ஆளை அடிக்கும்" என்றார்.

அதற்குப் பிறகு பேரன் இருபது குண்டு அடித்தான். நடுவில் ஒரு தடவை, அடித்த சந்தோஷத்தில் அட்டையைப் பார்க்க ஓடப் போனவனை சுபேதார் சட்டையைப் பிடித்து நிறுத்தினார். அப்போதுதான் கொட்டகைக்கு அந்தப் பக்கம் இரண்டு மயில்கள் வந்து காயப்போட்ட நெல்லைக் கொத்த ஆரம்பித்தன. எங்கள் பக்கம் மயில் தொல்லை அதிகம்.

"தாத்தா, பயமுறுத்தறதுக்கு மட்டும் ஒண்ணு அடிக்கட்டுமா?"

கெட்ட பையன் கேட்ட கேள்வி இல்லை இது. அவன் வயதில் நான் கேட்காமலேயே செய்தேன். என் மாமாவின் ஏர் கன்னை எடுத்துப் போய்ப் புளியமரத்தில் இருந்த மணிப்புறாவை அடித்தேன். அது உடனே சாகவில்லை. வீட்டுக்குத் தூக்கி வந்து பெருமையாகக் காட்டியபோது அம்மா சமைக்க மாட்டேன் என்றார். மண்வெட்டியைக் கையில் கொடுத்துக் கொல்லையில் புதைத்துவிட்டு வரச் சொன்னார். குழி தோண்டும்போதும் அதன் உடம்பில் சூடு இருந்தது. இதைப் பேரனிடம் சொன்னேன். மயில் தேசியப் பறவை, 1972-ஆம் வருஷ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைச் சுட்டால் ஜெயில் என்பதையும் சொன்னேன். சட்டத்தைவிடப் புறா கதைதான் அவனிடம் எடுபட்டது என்று நினைக்கிறேன். கையைத் தட்டி மயிலை விரட்டினான்.

இனி என் கருத்து.

இந்தத் துப்பாக்கியை அரசு எங்களுக்கு உரிமம் கேட்காமல் கொடுக்கிறது. அது சரி என்றே நினைக்கிறேன். ஏழாயிரம் ரூபாய்ப் பொருளுக்குக் கலெக்டர் ஆபீசில் நடக்கவிட்டால் எங்களைப் போன்றவர்கள் வாங்க மாட்டோம், கிராமத்துப் பிள்ளைகள் இந்த விளையாட்டின் பக்கமே வர மாட்டார்கள். ஆனால் உரிமம் கேட்காமல் கொடுத்துவிட்டு, அதைப் பழக ஒரு இடத்தையும் கொடுக்காமல் விட்டால், அது தோப்புக்குத்தான் போகும். தோப்பில் இருப்பது பறவையும், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கண்ணும்.

அருணாசலப் பிரதேசத்தில் 2021 மார்ச்சில், பறவைகளைக் காப்பாற்ற ஏர் கன்களை மனமுவந்து ஒப்படையுங்கள் என்று ஒரு இயக்கத்தை அரசே தொடங்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் வந்து சேர்ந்தன. அங்கே காடு வெறிச்சோடிப் போன நிலைமை, அவர்களுக்கு அது தேவைப்பட்டது. நம் பக்கம் அந்த நிலை வரும்வரை காத்திருக்க வேண்டாமே.

உத்தரப் பிரதேசத்தில் பாக்பத் அருகே ஜோஹ்ரி என்று ஒரு கிராமம். அங்கே ஒரு துப்பாக்கிப் பயிற்சிக் கூடம் வந்தது. பேத்திக்குத் துணையாக 1999-இல் அங்கே போன சந்திரோ தோமர் என்ற பாட்டி, அறுபத்தைந்து வயதுக்கு மேல் பிஸ்டலைப் பிடித்துப் பரிசுகளாக வாங்கிக் குவித்தார். 2021-இல் கொரோனாவில் காலமானார். அவரைப் பார்த்து அந்த ஊர்ப் பெண்பிள்ளைகள் பலர் துப்பாக்கி எடுத்தார்கள். நம் பக்கத்துக் கடலூரில் பிறந்தவர் இளவேனில் வாலறிவன். 2019-இல் ரியோ உலகக் கோப்பையில் ஏர் ரைஃபிளில் தங்கம் வாங்கினார், இரண்டு ஒலிம்பிக்கில் சுட்டார். அவர் வளர்ந்ததும் பழகியதும் குஜராத்தில். கடலூரிலோ செஞ்சியிலோ வளர்ந்திருந்தால் எங்கே போய்ப் பழகியிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

இதற்குக் கிரிக்கெட் மைதானம் அளவுக்கு இடம் வேண்டாம். பத்து மீட்டர்தான். தாலுகாவுக்கு ஒரு அரசுப் பள்ளியில் ஒரு நீளமான கொட்டகை, கோடியில் மணல் மூட்டைகள், தரையில் ஒரு சுண்ணாம்புக் கோடு, பூட்டு போட்ட பீரோ, சாவி பி.இ.டி. வாத்தியாரிடம். வாரத்தில் ஒருநாள் வந்து கோட்டுக்குப் பின்னால் நிற்க எங்கள் சுபேதார் மாதிரி ஓய்வு பெற்ற ராணுவத்தினர் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கூப்பிட ஆள் இல்லாமல்தான் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

"பிள்ளைகள் கையில் துப்பாக்கியா?" என்று என் மகளே கேட்டாள். அன்று ராத்திரி போனில், "அப்பா, உங்களுக்கு வயசு ஆச்சே தவிர..." என்று ஆரம்பித்து மிச்சத்தை முழுங்கிவிட்டாள். அவள் கோபம் நியாயம். ஆனால் அந்தப் பையன் அன்று கற்றது சுடுவதை மட்டும் அல்ல. விரலை எப்போது வெளியே வைக்க வேண்டும், எப்போது நிற்க வேண்டும், எதைச் சுடக் கூடாது என்பதைத்தான் அதிக நேரம் கற்றான். அதை ஒரு சுபேதார் சொல்லிக் கற்பது நல்லதா, கண் போன பிறகு தானாகத் தெரிந்துகொள்வது நல்லதா?

அடுத்த தடவை அவன் வருவதற்கு மகள் இரண்டு நிபந்தனை போட்டிருக்கிறாள். சுபேதார் வராமல் உறையை விட்டுத் துப்பாக்கி வெளியே வரக் கூடாது. பீரோ சாவி பாட்டியிடம் இருக்க வேண்டும். இரண்டுக்கும் ஒத்துக்கொண்டேன். லென்ஸை இன்னும் மாற்றவில்லை. இடது பக்கம் பார்க்கும்போதெல்லாம் ஓரத்தில் அந்தச் சில்லு தெரிகிறது, இருக்கட்டும் என்று விட்டுவைத்திருக்கிறேன்.