ஊர் ஊராய் ஆடியவனுக்கு விசுவாசம் இல்லையா?

அண்மையில் ஓர் இலக்கிய ஒன்றுகூடலின் பின்னர் தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது பேச்சு உதைபந்தாட்டத்தின் பக்கம் திரும்பியது. "இருபது கழகங்களுக்கு ஆடியவனை எந்த ரசிகன் ஞாபகத்தில் வைத்திருப்பான்? அவன் கூலிக்கு மாரடிப்பவன். விசுவாசமில்லாதவன்" என்றார் நண்பரொருவர். கூடியிருந்தோர் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டலோடு எனக்கு உடன்பாடில்லை. அங்கே சொல்ல முடியாமற் போனதை இங்கே எழுதுகிறேன்.

இங்கிலாந்தின் ஸ்டீவ் கிளாரிட்ஜை எடுத்துக்கொள்வோம். 1966இல் போர்ட்ஸ்மவுத்தில் பிறந்த முன்கள வீரர். தேசிய அணிக்கு ஒருமுறைதானும் ஆடியதில்லை. மாறிய கழகங்கள் ஏறத்தாழ இருபது. நண்பரின் கணக்குப்படி மறக்கப்பட வேண்டியவர். ஆனால் கணுக்கால்வரை சரிந்து கிடந்த அவரது காலுறைகளைக்கூட ரசிகர்கள் இன்னும் மறக்கவில்லை.

ஏன்? 1996 மே 27, வெம்பிளி மைதானம். பிறீமியர் லீக்கிற்குத் தரமுயர்வதற்கான இறுதி ஆட்டத்தில் லெஸ்டர் சிட்டியும் கிறிஸ்டல் பேலஸும் மோதின. மேலதிக நேரமும் முடியும் தறுவாயில் 1-1. பெனால்டி உதைகளை எதிர்பார்த்து லெஸ்டர் தன் கோல் காப்பாளரையும் மாற்றிவிட்டது. அப்போதுதான் தூரத்திலிருந்து கிளாரிட்ஜ் உதைத்தார். பந்து பாதத்தில் சரியாகப் படவில்லை. கணைக்காலில் பட்டே பறந்தது. பேலஸ் காப்பாளர் நின்ற இடத்திலேயே நின்றார். லெஸ்டர் தரமுயர்ந்தது.

மறு ஆண்டு, 1997 ஏப்ரல் 16. லீக் கிண்ண இறுதிப் போட்டியின் மறு ஆட்டம். எதிரே மிடில்ஸ்ப்ரோ, அவ்வணியில் இத்தாலியின் ரவனெல்லி, பிரேசிலின் ஜூனினோ. மேலதிக நேரத்தில் கிளாரிட்ஜ் அடித்த ஒரே கோல் கிண்ணத்தை லெஸ்டருக்குத் தந்தது.

"இரண்டு கோல்கள், அவ்வளவுதானே?" என்று நண்பர் கேட்கலாம். புள்ளிவிபர ஏடு அப்படித்தான் எழுதும். கணைக்காலில் பட்டதையும் அது எழுதாது, முழுமையாக உதைத்ததையும் எழுதாது. இரண்டுக்கும் அங்கே ஒன்று என்ற இலக்கம் மாத்திரமே. அந்த நாளில் தந்தையின் அருகிலிருந்து பார்த்த சிறுவன் எதை எடுத்துக்கொண்டு வீடு திரும்பினான் என்பதை ஏடு அறியாது. ரசிகனின் ஞாபகம் தூரத்தை நாலு யார் கூட்டிச் சொல்லும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு மனிதனின் உழைப்பு இன்னொருவனின் வாழ்க்கையில் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி எங்கே இருக்கிறது?

இனி விசுவாசத்துக்கு வருவோம். 1992இல் கேம்பிரிட்ஜ் கழகம் கிளாரிட்ஜை லூட்டனுக்கு விற்றது. சில மாதங்களில் தானே திரும்ப வாங்கியது. கிண்ணம் வென்று கொடுத்த மறு வருடமே லெஸ்டர் அவரை வுல்வ்ஸுக்கு விற்றது. அங்கே கோல் எதுவும் கிடைக்கவில்லை. சில மாதங்களில் அங்கிருந்தும் விற்கப்பட்டார். சொந்த ஊரான போர்ட்ஸ்மவுத் 2000இல் அவரை வீரர்-முகாமையாளராக்கி, சில மாதங்களிலேயே முகாமையிலிருந்து நீக்கியது. விற்பவனையும் வாங்குபவனையும் விட்டுவிட்டு, விற்கப்பட்டவனிடம் விசுவாசம் கேட்பது என்ன நியாயம்?

கலாசாலையை விட்டு வெளியேறியதிலிருந்து நானும் ஐந்து பாடசாலைகள் கண்டுவிட்டேன். ஒவ்வொன்றும் இடமாற்றக் கடிதம் வந்தே மாறியது. எந்தப் பாடசாலையின் வரலாற்று மலரிலும் என் பெயர் இராது. ஆனால் முதற் பாடசாலையில் படித்தவனொருவன் சந்தையில் கண்டு, "சேர், நீங்கதானே எனக்குக் கடிகாரம் பார்க்கச் சொல்லித் தந்தீங்க" என்றான். எனக்கு அது ஞாபகமேயில்லை. அவனுக்கு இருக்கிறது. நானும் விசுவாசமில்லாதவனா, நண்பரே?

2006 டிசம்பரில், நாற்பதாவது வயதில், கிளாரிட்ஜ் தன் ஆயிரமாவது தொழில்முறை ஆட்டத்தை ஆடினார். இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்னர் லீக் உதைபந்தாட்டத்தில் அவர் கால்வைத்த அதே போர்ன்மவுத் கழகத்துக்காக. அன்று போர்ன்மவுத் 4-0 எனத் தோற்றது. கோல் அடிக்காத, தோற்றுப்போன அந்த ஆட்டத்தையும் நினைவில் வைத்திருப்போர் இருக்கிறார்கள்.

கழகங்கள் மாறின, ஆட்டம் மாறவில்லை. விசுவாசம் என்ற சொல்லை நண்பர் அடுத்தமுறை எடுக்கும்போது, ஆயிரம் தடவை சப்பாத்துக் கட்டியவனை எந்தப் பக்கத்தில் நிறுத்தப் போகிறார் என்பதை அறிய ஆவலாயிருக்கிறேன்.