ஏரியை நம்பி வாழ்வோருக்கு ஏரியைக் காக்கும் குழுவில் இடம்: புதிய அறங்காவலர்களை வரவேற்று எங்கள் நிலைப்பாட்டு அறிக்கை

பழவேற்காடு ஏரியின் பறவைகளையும் நீர்வாழ் உயிர்களையும் காக்கப் பணியாற்றும் எங்கள் அறக்கட்டளையில் புதிய அறங்காவலர்கள் பொறுப்பேற்கிறார்கள். மீனவக் குப்பங்களில் எங்களைப் பார்த்து நேராகவே கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. பறவைகளுக்காக ஓர் அறக்கட்டளை நடக்கிறது. அதில் உட்கார்ந்து முடிவெடுப்பவர்கள் யார், ஏரியில் இறங்கிப் பிழைப்பவர்களுக்கு அங்கே என்ன இடம் என்பதுதான் அது. நியாயமான கேள்வி. புதியவர்கள் வரும் இந்த நேரத்திலேயே அதற்கு எழுத்தில் பதில் சொல்வது எங்கள் கடமை.

எங்கள் நிலைப்பாடு

1. அறங்காவலர் குழுவில் பாதிக்குக் குறையாத இடங்கள் ஏரியை நம்பி வாழும் ஊர்களைச் சேர்ந்தவர்களுக்கு உரியவை. அவர்களில் பெண்களும் இருளர் சமூகத்தாரும் கட்டாயம் இருக்க வேண்டும்.

2. ஒரு பதவிக்காலம் மூன்று ஆண்டு. தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் எவரும் பொறுப்பில் இருக்கக் கூடாது.

3. மீன்பிடித் தொழிலைத் தொடும் எந்த முடிவும், அது பாதிக்கும் ஊர்களின் கூட்டத்தில் பேசப்படாமல் எடுக்கப்படாது.

4. ஏரியின் நீரோட்டத்தையோ கடற்கரையையோ மாற்றும் திட்டங்களை நடத்தும் நிறுவனங்களிடம் நன்கொடை பெறமாட்டோம். அவற்றின் சார்பில் எவரும் அறங்காவலராக முடியாது.

5. வரவு செலவுக் கணக்கு ஆண்டுதோறும் தமிழிலும் தெலுங்கிலும் ஊர்க் கூட்டங்களில் படிக்கப்படும்.

இந்த ஐந்துக்குமான காரணங்களைக் கீழே சொல்கிறோம்.

பறவைக்கும் வலைக்கும் ஒரே முகத்துவாரம்

சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. ஆரணியாறும் காளங்கியும் சொர்ணமுகியும் நன்னீரைக் கொண்டு வருகின்றன. ஸ்ரீஹரிகோட்டா தீவு வங்கக் கடலுக்கும் ஏரிக்கும் நடுவே நீண்டு கிடக்க, முகத்துவாரங்கள் வழியாகக் கடல்நீர் ஏறி இறங்குகிறது. இந்த ஏற்ற இறக்கம்தான் ஏரியின் உயிர். இறால் கடலில் முட்டையிடுகிறது. அதன் குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து வளர்ந்து மறுபடியும் கடலுக்குத் திரும்புகின்றன. மடவையும் நண்டும் இதே வழியை நம்பியவை. மணல் திட்டு முகத்துவாரத்தை அடைத்துவிட்டால் குஞ்சு உள்ளே வராது, நீர் மாறாது, கோடையில் உப்பு ஏறிவிடும். படகும் கடலுக்குப் போக முடியாது.

பனிக்காலத்தில் வரும் பூநாரையின் நிலையும் வேறல்ல. நின்று மேய்வதற்கு ஆழமில்லாத நீரும், அந்த நீரில் சிறு உயிர்களும் பாசியும் அதற்கு வேண்டும். கூழைக்கடாவுக்கு மீன் வேண்டும். வலை காய்ந்து கிடக்கும் ஏரியில் பறவையின் அலகும் காய்ந்துதான் கிடக்கும். ஆகவே பறவையைக் காப்பவர், மீனவரைக் காப்பவர் என்று இரண்டு தரப்பு இந்த ஏரியில் இல்லை என்பதே எங்கள் முதல் நம்பிக்கை.

ஒடிசாவின் சிலிகா இதற்குச் சான்று. கடலோடு இருந்த தொடர்பு அடைபட்டு நலிந்துபோன அந்த ஏரிக்கு 2000 செப்டம்பரில் புதிய முகத்துவாரம் திறக்கப்பட்டது. மீன்வளம் மீண்டது. சீரழிந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் உடன்படிக்கையின் பட்டியலிலிருந்து 2002-இல் சிலிகாவின் பெயர் நீக்கப்பட்டது. நீரோட்டத்தைச் சீர்செய்ததும் வலைக்கும் பறவைக்கும் ஒருசேர நன்மை வந்தது.

சரணாலயக் கோட்டுக்குள் இருக்கும் வாழ்க்கை

ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. அந்தப் பக்கம் 1976-இலும் தமிழ்நாட்டுப் பக்கம் 1980-இலும் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. தமிழ்நாட்டுச் சரணாலயத்தின் பரப்பு 153.67 சதுர கிலோமீட்டர். அந்த எல்லைக் கோடு வரையப்படுவதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்பே இங்கே மக்கள் இருந்தார்கள். 1613-இல் டச்சுக்காரர்கள் கெல்டிரியா கோட்டையைக் கட்டியபோதும் பழவேற்காடு பழைய துறைமுகம்தான்.

1972-ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், சரணாலயத்துக்குள் இருப்பவர்களின் உரிமைகளை மாவட்ட ஆட்சியர் விசாரித்துத் தீர்மானிக்க வேண்டும் என்கிறது. தலைமைக் காட்டுயிர்க் காப்பாளரைக் கலந்து சில உரிமைகளைத் தொடர அனுமதிக்கவும் அதில் வழியுண்டு. இந்த வழியை முழுமையாகப் பயன்படுத்த வேண்டும் என்று நாங்கள் கோருகிறோம். வீடும் வலை உலர்த்தும் மணலும் படகுத்துறையும் எந்த உரிமையில் இருக்கின்றன என்பது தெளிவாக இல்லாதவரை, பறவை என்ற சொல்லே குப்பங்களில் அச்சத்தைத் தரும். அந்த அச்சத்தைக் காரணமாகக் காட்டிச் சரணாலயத்தையே சுருக்கிவிடலாம் என்ற வாதத்தையும் நாங்கள் ஏற்கவில்லை. எல்லை சுருங்கினால் அந்த நிலத்துக்கு முதலில் வரப்போகிறவர்கள் மீனவர்கள் அல்லர். ஊரின் உரிமை பத்திரமாக வேண்டும். ஏரியின் காப்பும் முழுமையாக இருக்க வேண்டும். புதிய அறங்காவலர்கள் இந்த இரண்டையும் சேர்த்தே கேட்பார்கள்.

மக்களைச் சேர்த்துக்கொண்டு பறவையைக் காப்பது நமக்குப் புதிதல்ல. வேடந்தாங்கல் மக்கள் ஏரியில் தங்கும் பறவைகளைத் தாங்களாகவே காத்தார்கள். எச்சம் கலந்த நீர் அவர்கள் வயலுக்கு உரமானது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது முறையிட்டு, 1798-இல் செங்கல்பட்டு கலெக்டர் லயோனல் பிளேஸிடமிருந்து எழுத்தில் பாதுகாப்பு வாங்கினார்கள். அங்கே சட்டம் பின்னால் வந்தது, ஊரின் காவல் முன்னால் நடந்தது.

பாடு முறையிலிருந்து கற்பதும் திருத்துவதும்

பதவிக்காலத்துக்கு வரம்பு வைத்ததற்கான காரணமும் ஏரியிலேயே இருக்கிறது. இறால் நன்றாகக் கிடைக்கும் இடங்களில் யார், எந்த நாளில் வலை கட்டுவது என்பதைப் பாடு முறைதான் நெடுங்காலமாகத் தீர்மானித்து வருகிறது. நல்ல இடம் ஒருவருக்கே நிலைத்துவிடாது. முறை வைத்துச் சுற்றி வரும். இன்று கிடைத்தவர் நாளை விட்டுக்கொடுப்பார். தகராறு வந்தால் ஊர்ப் பஞ்சாயத்து தீர்த்து வைக்கும். உலகெங்கும் பொதுவளங்களை ஆராய்வோர் பாடு முறையை எடுத்துப் படிக்கிறார்கள். அறங்காவலர் பதவியும் அப்படியொரு பாடுதான். முறை வரும்போது முழு மனதோடு செய்ய வேண்டும், முறை முடிந்ததும் அடுத்தவருக்கு விட வேண்டும்.

பாடு முறையின் குறையையும் சொல்லியாக வேண்டும். அதில் பட்டினவர் சமூகத்து ஆண்களுக்கே உரிமை. பெண்களுக்கும் பிற சமூகத்தாருக்கும் இடம் கிடைக்கவில்லை. கழுத்தளவு நீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடித்துப் பறியில் போடும் இருளர் பெண்கள், சேற்றின் மாற்றத்தை வலைக்காரருக்கு முன்பே உணர்பவர்கள். மீனை ஏலம் எடுத்துக் கூடையில் சுமந்து விற்கும் பெண்களுக்கு எந்த மீன் குறைந்தது, எது சிறுத்தது என்பது நாள்தோறும் தெரியும். இவர்களை வெளியே நிறுத்திவிட்டு ஏரியை அறிந்த குழு என்று எங்களைச் சொல்லிக்கொள்ள முடியாது. அதனால்தான் முதல் நிலைப்பாட்டில் கட்டாயம் என்ற சொல்லைப் போட்டிருக்கிறோம்.

பெயரளவில் இடம் கொடுத்தால் போதாது. நகரத்தில் ஓய்வு பெற்ற ஒருவர் ஒரு நாளைக் கூட்டத்துக்கு ஒதுக்குவதும், அன்றாடம் இறால் தடவி அரிசி வாங்கும் ஒரு பெண் ஒதுக்குவதும் ஒன்றல்ல. எனவே கூட்டங்கள் ஏரிக்கரை ஊர்களிலேயே, படகு கரை சேர்ந்த பின் நடக்கும். பேச்சு தமிழில் இருக்கும். ஆந்திரப் பக்கத்திலிருந்து வருவோருக்குத் தெலுங்கில் எடுத்துச் சொல்லப்படும். பயணச் செலவும், இழந்த கூலிக்கான ஈடும் கொடுக்கப்படும். இது அறக்கட்டளைப் பத்திரத்தில் வெளிப்படையாக எழுதப்பட்டுக் கணக்கிலும் காட்டப்படும்.

தன்னலமும் தொழிலும்

மீன்பிடிப்பவரே அறங்காவலரானால் நலன் மோதாதா என்று சிலர் கேட்கிறார்கள். ஏரி நன்றாக இருந்தால்தான் என் அடுப்பு எரியும் என்ற நிலை நலன் மோதல் ஆகாது. அறக்கட்டளையின் நோக்கமும் அதுவே. அறக்கட்டளைப் பணத்தில் தன் குடும்பத்துக்கு ஒப்பந்தம் எடுப்பதும், தன் ஊருக்கு மட்டும் ஆதாயம் தரும் முடிவுக்கு வாக்களிப்பதும்தான் மோதல். அப்படி ஒரு பொருள் வந்தால் அந்த அறங்காவலர் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அது கூட்ட நடவடிக்கைக் குறிப்பேட்டில் ஏறும்; அவர் வாக்களிக்கமாட்டார். சென்னையிலிருந்து வரும் வழக்கறிஞருக்கும் ஆய்வாளருக்கும் இதே விதிதான். தன் ஆராய்ச்சிக்கு நிதி ஒதுக்கும் தீர்மானத்தில் ஆய்வாளரும் விலகி நிற்க வேண்டும்.

1882-ஆம் ஆண்டின் இந்திய அறக்கட்டளைகள் சட்டம் தனியார் அறக்கட்டளைகளுக்கானது. ஆனாலும் அதில் உள்ள நெறிகளைப் பொது அறக்கட்டளைகளுக்கும் அளவுகோலாகக் கொள்வது வழக்கம். பொறுப்பிலுள்ள சொத்தைத் தன் சொத்தைப்போல் கவனமாகப் பார்க்க வேண்டும். அதிலிருந்து சொந்த ஆதாயம் தேடக் கூடாது. தன் கடமையை வேறொருவர் தலையில் கட்டிவிட்டு ஒதுங்கக் கூடாது. கடைசி நெறியைப் புதியவர்கள் மனதில் நிறுத்த வேண்டுகிறோம். தணிக்கையாளர் பார்த்துக்கொள்வார், நிர்வாகி பார்த்துக்கொள்வார் என்று படிக்காமல் கையெழுத்துப் போடும் அறங்காவலர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் பொறுப்பைத் தட்டிக் கழித்தவரே. எழுத்துப் படிக்கத் தெரியாத அறங்காவலருக்கு ஒவ்வொரு தாளும் வாசித்துக் காட்டப்படும். அதற்கு நேரம் எடுக்கும், எடுக்கட்டும்.

கரையை மாற்றும் திட்டங்கள்

எண்ணூரில் 2001-இல் துறைமுகம் வந்தது. அதற்கு வடக்கே பின்னர் காட்டுப்பள்ளித் துறைமுகம் தொடங்கியது. 2018-இல் அதானி குழுமம் அதை வாங்கி, 6,110 ஏக்கருக்கு விரிவாக்கத் திட்டம் முன்வைத்தது. சென்னைக் கடற்கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. துறைமுகத்துக்காகக் குறுக்கே கல் சுவர் எழும்பினால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிக்கும். அந்த வடக்கில்தான் பழவேற்காட்டையும் கடலையும் பிரிக்கும் மணல் பட்டையும் மீனவக் குப்பங்களும் இருக்கின்றன. விரிவாக்கத்துக்கான பொதுக்கேட்பு 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் ஒத்திவைக்கப்பட்டது. குப்பங்களின் எதிர்ப்பு அன்றும் இன்றும் ஒரே குரலில் ஒலிக்கிறது.

இந்த விரிவாக்கத்தை எங்கள் அறக்கட்டளை எதிர்க்கிறது. நான்காவது நிலைப்பாடு இதிலிருந்தே பிறந்தது. கரையை அரிக்கக்கூடிய திட்டத்தின் பணத்தில் பறவைக் கண்காட்சி நடத்துவது ஏரிக்குச் செய்யும் உதவியாகாது. அந்தப் பணம் வந்த நாளிலிருந்து நம் குரல் தாழ்ந்துவிடும். நிதி குறைவாக இருந்தாலும் நிமிர்ந்து பேசக்கூடிய அறக்கட்டளையாக இருக்கவே விரும்புகிறோம்.

முகத்துவாரத்தை நிலையாகத் திறந்துவைக்க வேண்டும் என்ற மீனவர்களின் நீண்டகாலக் கோரிக்கையை ஆதரிக்கிறோம். அதற்காகக் கட்டப்படும் தூண்டில் வளைவுகள் நீரோட்டத்துக்கும் அக்கம்பக்கக் குப்பங்களுக்கும் என்ன செய்கின்றன என்பதை ஆண்டுதோறும் அளந்து வெளியிட வேண்டும் என்றும் அரசைக் கேட்கிறோம்.

புதிய அறங்காவலர்களிடம் கேட்பது

முதல் ஓராண்டில் ஏரியின் எல்லாப் பருவங்களையும் நேரில் பாருங்கள். வடகிழக்குப் பருவமழையில் நன்னீர் பெருகுவதையும், தையிலும் மாசியிலும் பறவை நிறைவதையும், கடற்கரையில் பங்குனி ஆமை முட்டையிட ஏறுவதையும், கோடையில் சேறு வெடிப்பதையும் பாருங்கள். ஊரின் அறிவை ஆவணமாக்குங்கள். விஞ்ஞானியின் கணக்கெடுப்பை ஊருக்கு விளக்குங்கள். இரண்டும் முரண்பட்டால் மறைக்காமல் பொதுவில் வையுங்கள். பறவை வேட்டை நடந்தால் அது எந்த ஊர்க்காரர் செய்ததானாலும் பேசுங்கள். ஆமைகள் இழுவைப்படகு வலையில் சிக்கிச் செத்து ஒதுங்கினால் விசைப்படகு உரிமையாளர்களிடமும் மீன்வளத் துறையிடமும் கேள்வி எழுப்புங்கள். ஊரின் பக்கம் நிற்பதென்றால் ஊரிடமும் உண்மை பேசுவதுதான்.

ஊர்ப் பஞ்சாயத்துகளுக்கும் மகளிர் குழுக்களுக்கும் எங்கள் வேண்டுகோள்: வரும் ஆண்டுகளில் காலியாகும் இடங்களுக்கு உங்கள் கூட்டத்தில் பேசிப் பெயர்களை அனுப்புங்கள். இளைஞர்களை அனுப்புங்கள், பெண்களை அனுப்புங்கள். இந்த ஐந்து நிலைப்பாடுகளும் அறக்கட்டளைப் பத்திரத்தில் திருத்தமாகப் பதிவு செய்யப்படும். அவற்றில் எதையாவது நாங்கள் மீறினால், ஏரிக்கரையில் வாழும் எவரும் எங்கள் கூட்டத்துக்கு வந்து விளக்கம் கேட்கலாம். பதில் சொல்வது எங்கள் கடமை. அந்தக் கடமையை ஏற்றுக்கொண்டு வரும் ஒவ்வொரு அறங்காவலரிடமும் பொறுப்பை ஒப்படைக்கிறோம்.