நாற்பது பெல்லட் போதும் சார்!

இங்கே அகமதாபாத்தில் நம்ம ஆட்கள் வீட்டுப் பிள்ளைகள் துப்பாக்கி சுடும் பயிற்சிக்குப் போவதில் ஆச்சரியமே இல்லை. கடலூரில் பிறந்து இந்த ஊரில் வளர்ந்த இளவேனில் வாலறிவன், 2019-ல் ரியோ உலகக் கோப்பையில் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் தங்கம் வாங்கினாரே! என் ஆதங்கம் பிள்ளைகளைப் பற்றி அல்ல. அவர்களைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, வெளியே நாற்காலியில் செல்போனை நோண்டிக்கொண்டிருக்கும் அப்பா அம்மாக்களைப் பற்றி.

நீங்களும் உள்ளே வாங்க. ஆனால் ஒரு திட்டத்தோடு வாங்க. நூறு பெல்லட் வாங்கி, படபடவென்று சுட்டு, ஸ்கோரைப் பார்த்து உச்சுக் கொட்டிவிட்டுப் போவதற்குப் பெயர் பயிற்சி இல்லை, தீபாவளித் துப்பாக்கி. கோச் கொடுக்கும் அட்டவணை தினம் பல மணி நேரம் நிற்கும் பதினைந்து வயசுப் பையனுக்கானது. பிராஞ்சை மூடிவிட்டு ஓடிவரும் நமக்குக் கிடைப்பது முக்கால் மணி. அதற்கேற்ற கணக்கை நாம்தான் போட்டுக்கொள்ள வேண்டும். பாதுகாப்பு விதியில் மட்டும் சொந்தக் கணக்கே கூடாது. அங்கே ரேஞ்சில் சொல்வதுதான் சட்டம்.

என் கணக்கு இது. வாரம் மூன்று நாள். ஏர் பிஸ்டல். முதல் பத்து நிமிடம் பெல்லட்டே கிடையாது. நிற்பது, ஒற்றைக் கையால் தூக்குவது, குறிவைப்பது, காலி டிரிகரை அழுத்துவது, அழுத்திய பிறகும் ஓரிரு நொடி அசையாமல் இருப்பது, அவ்வளவுதான். அடுத்து பத்து பெல்லட், இலக்குத் தாளைத் திருப்பி மாட்டி, வெள்ளைப் பக்கத்தில். எண்களே இல்லாததால் ஸ்கோர் ஆசை வராது. ஓட்டைகள் நெருக்கமாக விழுகிறதா என்று மட்டும் தெரியும். அப்புறம்தான் முப்பது பெல்லட் நிஜ இலக்கில். பத்து மீட்டர் தள்ளி 11.5 மில்லிமீட்டர் வட்டம், ஏறக்குறைய சட்டைப் பட்டன் அளவு. அதில் பட்டால் பத்து.

'போட்டியில் 60 ஆச்சே, 75 நிமிடம் ஆச்சே?' என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் கை ஓய்ந்த பிறகு சுடும் இருபதும், கை ஓய்ந்தால் எப்படிச் சுடுவோமோ அதைத்தான் நமக்குப் பழக்கும்.

முக்கியமானது சுடுவது அல்ல, சுடாமல் இறக்குவது. தூக்கி ஏழெட்டு நொடிக்குள் மனசு ஒப்பவில்லையா, இறக்கிவிடணும். வங்கிக்காரர்களுக்குப் புரியும்: வவுச்சரில் ஏதோ இடிக்கிறது என்றால் க்யூ எவ்வளவு நீண்டாலும் ஆத்தரைஸ் பட்டனை அமுக்க மாட்டோம் இல்லையா? அதே கதைதான்.

நாற்பதைத் தாண்டியவர்களுக்கு இன்னொன்று. இந்த விளையாட்டில் கூர்மையாகத் தெரிய வேண்டியது துப்பாக்கியின் முன் குறி. இலக்கு மங்கலாகத்தான் இருக்கணும். நமக்கோ வெள்ளெழுத்து. புரோகிரசிவ் கண்ணாடியோடு கழுத்தை ஆட்டி ஆட்டிப் பார்க்காமல், கை நீளத் தூரத்துக்கு ஒற்றைப் பவரில் ஒரு கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். பெல்லட் ஈயம் என்பதால், முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் டீ.

கடைசியாக டைரி. ஸ்கோரை ஓரமாக எழுதுங்கள். எத்தனை தடவை இறக்கினேன், எந்தக் குண்டை ஏன் அவசரமாக விட்டேன் என்பதை விரிவாக எழுதுங்கள். மாசக் கடைசியில் அதைப் புரட்டினால் அடுத்த மாசத் திட்டம் தானாகக் கிடைக்கும்.

'இந்த வயசில் மெடலா வாங்கப் போறீங்க?' என்று கேட்பவர்கள் உண்டு. ரயில்வேயில் வேலை பார்க்கும் ஸ்வப்னில் குசாலே 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கினார். அது வேறு உயரம். நமக்கு அந்தக் கனவு வேண்டாம். ஆனால் மூன்று வருஷத்துக்கு ஒரு மாற்றல் ஆர்டர் வருகிறது. வீடு, பாஷை, பக்கத்து வீடு எல்லாம் மாறுகிறது. மூட்டை கட்டாமலே கூட வருவது நாமே உண்டாக்கிக்கொண்ட பழக்கம் ஒன்றுதான்.

பிள்ளைகளுக்கும் இதில் லாபம் உண்டு. பயிற்சி முடிந்து வண்டியில் ஏறும் பிள்ளையிடம் நாம் கேட்கும் முதல் கேள்வி என்ன? 'இன்னிக்கு எவ்வளவு?' ஒரே ஒரு மாசம் அந்தக் கோட்டில் நின்று, கை நடுங்கி, ஏழும் ஆறுமாக வாங்கிப் பாருங்கள். அப்புறம் அந்தக் கேள்வி வாயில் வராது. 'இன்னிக்கு எத்தனை தடவை இறக்கினே?' என்றுதான் கேட்கத் தோன்றும். அதற்குப் பிள்ளை நிஜமாகவே பதில் சொல்லும்.

உங்க அபிப்பிராயம் வேறாக இருந்தால் சொல்லுங்க, பேசுவோம்.