பரண்மேல் ஒரு பிரசவம்



இந்த வாரம் உங்களோடு சமையலைப் பற்றியோ சம்பந்தி உபசாரத்தைப் பற்றியோ பேசப் போவதில்லை. ஒரு நாற்றத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு அடுத்த பக்கத்தில் இருக்கும் தொடர்கதைக்குப் போய்விடாதீர்கள். நாற்றத்தில் ஆரம்பித்த விஷயம் எங்கள் வீட்டில் கண்ணீரில் போய் நின்றது. அதில் நான் செய்த தவறும் ஒன்று உண்டு. நீங்களும் அதைச் செய்துவிடக் கூடாதே என்றுதான் எழுதுகிறேன்.

நாங்கள் படப்பைக்குக் குடிவந்து மூன்று வருஷம் ஆகிறது. வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகிற சாலையில், ஒரகடத்துக்கு முன்னால் வருகிற ஊர் இது. பிள்ளைக்கு ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில் வேலை. கீழே நாங்கள். மாடியில் தொழிற்சாலைக்குப் போகும் நான்கு பெண்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். இரண்டாவது ஷிப்டு முடிந்து நடுநிசிக்கு மேல் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். பாவம், வெளியூர்ப் பெண்கள். என்னை "அம்மா" என்றுதான் கூப்பிடுவார்கள்.

ஒருநாள் இரவு ஒரு மணிக்கு அவர்களில் ஒருத்தி "ஐயோ அம்மா!" என்று போட்ட கூச்சலில் தெருவே விழித்துக்கொண்டது. "மதில்மேல் சிறுத்தைக்குட்டி நிற்கிறது" என்கிறாள். என் பிள்ளை டார்ச் விளக்கோடு ஓடினான். இரண்டு கண்கள் பளபளத்தன. நீண்ட வால் ஒன்று பப்பாளி மரத்துக்குத் தாவி மறைந்தது. அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் பார்த்தால், இஸ்திரி போட்டு அலமாரிமேல் வைத்திருந்த பிள்ளையின் சட்டையில் மஞ்சளாக ஒரு கறை. நிமிர்ந்து பார்த்தேன். ஃபால்ஸ் சீலிங்கிலும் அதே கறை. நாற்றமோ சொல்லி முடியாது. சாம்பிராணி போட்டேன், ஊதுவத்தி ஏற்றினேன். சாம்பிராணியும் அதுவும் சேர்ந்து மூன்றாவதாக ஒரு நாற்றம் பிறந்ததே தவிர வேறு பிரயோஜனமில்லை!

பால் கொண்டுவரும் அம்மாள் இந்த ஊர்க்காரி. மூக்கை ஒரு தடவை உறிஞ்சிவிட்டு, "மரநாய்ம்மா. இங்கெல்லாம் தோப்பா இருந்த காலத்திலேருந்து இருக்குது. இப்போ தோப்பு இல்லே, உங்க பரண் இருக்குது" என்று சிரித்தாள்.

பார்த்தீர்களா? ஒரே வாக்கியத்தில் ஒரு சரித்திரத்தையே சொல்லிவிட்டாள். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்த் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது 1998-ல். ஒரகடத்தில் ரெனோ-நிஸ்ஸான் தொழிற்சாலை திறந்தது 2010-ல். தொழிற்சாலை வந்தது, வேலை வந்தது, வேலைக்கு வந்தவர்களுக்கு வீடுகள் வந்தன. நாம் மரநாய் நம் வீட்டுக்கு வந்துவிட்டதென்று முறையிடுகிறோம். அதைக் கேட்டால், நாம்தான் அதன் வீட்டுக்கு வந்தோம் என்று சொல்லும்.

மரநாய் என்று பெயரே தவிர, நாய்க்கும் அதற்கும் உறவு கிடையாது. பூனையைவிடச் சற்று நீளமான உடல், ஏறக்குறைய உடல் அளவுக்கே வால், கண்ணைச் சுற்றி முகமூடி போட்டதுபோல் கறுப்பு. எடை இரண்டிலிருந்து ஐந்து கிலோ வரை இருக்கும். பகலெல்லாம் தூங்கி, இருட்டியபின் கிளம்பும். பழம் என்றால் உயிர். பப்பாளி, சப்போட்டா, வாழை, மாம்பழம் எதையும் விடாது. எலியும் பூச்சியும் கிடைத்தாலும் வேண்டாமென்று சொல்லாது. பனைமரத்தில் கட்டிய கலயத்துக் கள்ளைக் குடித்துவிடும் என்பதால் வெள்ளைக்காரர்கள் அதற்குக் 'கள்ளுப் பூனை' என்றே பெயர் வைத்தார்கள். பழத்தைத் தின்று கொட்டையை வேறோர் இடத்தில் போட்டுவிடுவதால், மரம் நடுகிற புண்ணியமும் அதற்கு உண்டு. எங்கள் மொட்டைமாடியில் அது விட்டுப்போன எச்சம் முழுவதும் கொட்டையாகத்தான் இருந்தது.

நாற்றத்துக்கு வருவோம். அமெரிக்காவில் ஸ்கங்க் என்று கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட பிராணி ஒன்று உண்டு. நம் தேசத்தில் அது கிடையாது. யாராவது பயமுறுத்தினால் காலால் தரையைத் தட்டி, வாலைத் தூக்கி எச்சரிக்கும். கேட்காவிட்டால் பத்தடி தூரத்துக்குக் குறிபார்த்துப் பீச்சும். அந்த நாற்றத்துக்குக் காரணமான கந்தகப் பொருள்களும், சமையல் காஸ் கசிந்தால் நமக்குத் தெரிவதற்காக அதில் கலக்கிறார்களே அந்த வாசனைப் பொருளும் ஒரே குடும்பம். இதிலிருந்து அதன் வீரியத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்! நம் மரநாய் அவ்வளவு பொல்லாததல்ல. அதற்கும் வாலடியில் சுரப்பிகள் உண்டு. மிரண்டால் துர்நாற்றத் திரவத்தை விடும். மிரட்டாமல் இருந்தால், தான் வந்துபோனதற்கு அடையாளமாக இலேசான ஒரு வாசனையை மட்டும் தடவிவிட்டுப் போகும். வங்காளத்தில் அதை 'கந்தகோகுல்' என்பார்கள். அந்த வாசனை புலாவ் அரிசியின் மணம்போல் இருக்கிறதென்று அங்கே சொல்வதுண்டு. எங்கள் பரணில் இருந்தது புலாவ் அல்ல. சிறுநீர்.

இந்தச் சங்கடம் நமக்கு மட்டுமென்று நினைக்காதீர்கள். 2024 பிப்ரவரியில் கேரள முதலமைச்சர் பினராயி விஜயன், தம்முடைய அரசாங்க மாளிகையில் இஸ்திரி போட்ட துணியை வெளியே வைக்க முடியவில்லை, மேலேயிருந்து மரநாய் நனைத்துவிடுகிறது, குடிதண்ணீரைக்கூட மூடித்தான் வைக்க வேண்டியிருக்கிறது என்று மேடையிலேயே சொன்னார். அங்கே அதற்கு 'மரப்பட்டி' என்று பெயர். முதலமைச்சர் சட்டையும் என் பிள்ளையின் சட்டையும் அதற்கு ஒன்றுதான்!

இதன் ஒன்றுவிட்ட உறவுதான் புனுகுப்பூனை. உடம்பில் புள்ளியும் வாலில் வளையங்களும் இருந்தால் அது புனுகு. திருமலையில் வேங்கடவனுக்கு வெள்ளிக்கிழமை அபிஷேகத்தில் சேரும் புனுகுத் தைலம் அதனிடமிருந்து வருவது. இந்தோனேசியாவிலோ மரநாய் தின்று கழித்த காப்பிக் கொட்டையைப் பொறுக்கிக் கழுவி, வறுத்து, பொன் விலைக்கு விற்கிறார்கள். அதற்காகக் கூண்டில் அடைத்து வெறும் காப்பிப் பழமாகவே கொடுத்து வதைக்கிறவர்களும் உண்டு. நமக்கு நம் வீட்டு டிகாக்ஷனே போதும்.

இனி என் தவற்றைச் சொல்கிறேன்.

அடுத்த வீட்டு மாமா வாழைப்பழத்தில் எலி மருந்து வைக்கச் சொன்னார். நான் ஒப்பவில்லை. தெருவில் குழந்தைகள் விளையாடுகிறார்கள், நாலு வீட்டுப் பூனை நாய் நடமாடுகிறது, பழம் யார் வாயில் போய்ச் சேருமென்று யார் கண்டார்கள்? தவிர, 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மரநாயைக் கொல்வதும் பிடிப்பதும் குற்றம். ஆகவே, 'இருட்டியதும் அது இரை தேடப் போகும், அந்த நேரத்தில் ஓட்டையை அடைத்துவிட்டால் தீர்ந்தது' என்று நான்தான் யோசனை சொன்னேன். மாடியின் ஆஸ்பெஸ்டாஸ் ஓரத்தில் இருந்த ஓட்டையைக் கொத்தனார் சாயங்காலம் ஏழரை மணிக்குச் சிமெண்டு வைத்துப் பூசினார். கொல்லவுமில்லை, பிடிக்கவுமில்லை என்று பெருமையோடு படுத்தேன்.

இரவு இரண்டு மணி இருக்கும். மருமகள் வந்து என்னை எழுப்பினாள். அவளுக்கு நான்கு மாதக் கைக்குழந்தை. பால் கொடுப்பதற்காக விழித்திருந்தாள்.

"அத்தை, பரணிலே ஏதோ அழுகிறது" என்றாள்.

காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். உள்ளே மெல்லிசாகக் கீச்சுக் குரல், ஒன்றல்ல, இரண்டு மூன்று. வெளியே கூரையை யாரோ நகத்தால் பறண்டுகிற சத்தம். பறண்டும், நிற்கும், மறுபடி பறண்டும். எனக்கு உடம்பெல்லாம் பதறிவிட்டது. அம்மா வெளியே, குட்டிகள் உள்ளே! அந்தச் சுவரை நடுவில் எழுப்பியது நான்.

பிள்ளை, "விடியட்டும் அம்மா, கொத்தனாரைக் கூப்பிடலாம்" என்றான். மருமகள் ஒன்றும் பேசவில்லை. தன் குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு, தோட்டத்துக் கடப்பாரையைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தாள். அப்புறம் அவன் ஏன் பேசப் போகிறான்? ஷிப்டு முடிந்து அப்போதுதான் வந்திருந்த மாடிப் பெண்கள் விளக்குப் பிடித்தார்கள். சிறுத்தை என்று அலறினாளே, அவள்தான் ஏணியைப் பிடித்தாள். சிமெண்டு இன்னும் நன்றாக இறுகவில்லை. கால் மணியில் உடைந்தது. எல்லோரும் கீழே இறங்கி, விளக்கை அணைத்து, ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வெகுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு மதில்மேல் அந்த நீண்ட வால் வந்தது. நின்று பார்த்தது. உள்ளே போயிற்று. கீச்சுக் குரல் அடங்கிவிட்டது. அடங்கின மாத்திரத்தில் மருமகள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும்தான்.

விடிவதற்குள் ஒரு குட்டியைக் கழுத்தில் கவ்வி எடுத்துக்கொண்டு போயிற்று. மறுநாள் இரவு இன்னும் இரண்டு. எங்கள் பரண் இனி நம்பத் தகுந்த இடமல்ல என்று அது முடிவு செய்துவிட்டது போலிருக்கிறது. அதை நான் எப்படிக் குறை சொல்வது?

அந்தத் தவற்றிலிருந்து நான் கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.

பரணில் சத்தம் கேட்டால் உடனே அடைக்காதீர்கள். பகலில் காது கொடுத்துக் கேளுங்கள். குட்டிக் குரல் இருந்தால் பொறுத்திருங்கள். குட்டிகள் சுமார் இரண்டு மாதத்தில் பால் மறந்துவிடும். அவை தாயோடு வெளியே போகத் தொடங்கியபின் ஓட்டையில் பழைய செய்தித்தாளைக் கசக்கி அடைத்து வையுங்கள். மூன்று இரவு காகிதம் அசையாமல் இருந்தால் உள்ளே யாருமில்லை. பிறகு கெட்டியான கம்பி வலை அடியுங்கள். கூரையைத் தொடும் கிளையை வெட்டி விடுங்கள். இரவில் குப்பைக்கூடையை மூடுங்கள், பழுத்த பப்பாளியை மரத்தில் விடாதீர்கள், தண்ணீர்த் தொட்டிக்கு மூடி போடுங்கள். அடிபட்ட மரநாயோ தாயில்லாத குட்டியோ கண்ணில் பட்டால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். பால் புகட்டி வளர்க்க ஆசைப்படாதீர்கள்.

எச்சத்தைக் காய்ந்தபடி பெருக்கக் கூடாது. கையுறை போட்டு, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, சோப்புத் தண்ணீர் தெளித்து ஊறவைத்து எடுக்க வேண்டும். சிறுநீர்க் கறைக்குச் சோப்பும், அதன்பின் சமையல் சோடாவும், நல்ல வெயிலும் போதும். பிளீச்சிங் பவுடரைச் சிறுநீர்மேல் கொட்டாதீர்கள், வினிகரோடும் கலக்காதீர்கள். கிளம்புகிற வாயு மார்பை அடைக்கும்.

மிகவும் முக்கியமானது இது. மரநாய் தானாக வந்து கடிப்பதில்லை. மூலையில் மடக்கினால் கடிக்கும். கடித்தாலும் பிறாண்டினாலும் மஞ்சள், சுண்ணாம்பு, காப்பிப்பொடி எதையும் அப்பாதீர்கள். குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசி அங்கே இலவசம். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி போட்ட காலம் மலையேறிவிட்டது. இப்போது புஜத்தில் நாலைந்து ஊசிதான். பயந்து தள்ளிப்போட்டால் அந்த வியாதிக்கு மருந்தே கிடையாது.

முடிப்பதற்குமுன் சமையலறையில் ஓடும் இன்னொரு நாற்றக்காரரைப் பற்றியும் ஒரு வார்த்தை. மூஞ்சூறு எலி அல்ல. பூச்சி தின்னும் வேறு ஜாதி. அதன் விலாவில் இருக்கும் வாசனைச் சுரப்பிக்குப் பயந்து பூனைகூட அதை வாயில் வைக்கத் தயங்கும். சுவரோரமாகக் 'கீச் கீச்' என்று ஓடி, நம் கரப்பான்பூச்சிகளைத் தின்று தீர்ப்பது அதுதான். குட்டிகளைக் கூட்டிப் போகும்போது ஒன்றின் பின்புறத்தை மற்றொன்று கவ்விக்கொண்டு ரயில் வண்டிபோல் போகும். பிள்ளையார் சதுர்த்தியன்று வாகனமென்று கும்பிட்டுவிட்டு மறுநாள் துடைப்பத்தைத் தூக்குகிறோமே, நியாயமா சொல்லுங்கள்.

எங்கள் பரணுக்கு இப்போது கம்பி வலை போட்டாயிற்று. பப்பாளி மரத்தை மட்டும் வெட்டவில்லை. கூரையைத் தொடாமல் தள்ளித்தான் நிற்கிறது. உச்சியில் ஒரு பழம் பழுத்தால் பறிக்க வேண்டாமென்று மருமகள் சொல்லியிருக்கிறாள். காலையில் பார்த்தால் பழம் இருப்பதில்லை. மாடிப் பெண்கள் இரவு பஸ்ஸிலிருந்து இறங்கும்போது மதிலைப் பார்த்து, "என்ன, சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டுத்தான் படியேறுகிறார்கள்.

உங்கள் பரணில் யார் குடியிருக்கிறார்கள்? அடைப்பதற்குமுன் ஒரு தடவை காது கொடுத்துக் கேட்டுவிடுங்கள்.