பாட்டு கெட்டுவிட்டதா?

"இந்தக் காலத்துப் பாட்டில் சத்தம்தான் உண்டு, சரக்கு இல்லை" என்று திண்ணையில் பேசுகிறோமே, நானும் அந்தக் கட்சிதான். சென்ற மாதம் தோட்டத்திலிருந்து சிங்கப்பூர் போய், சிராங்கூன் சாலையில் சாமான் வாங்கிக்கொண்டிருந்தேன். கடையில் ஒலித்த பாட்டு என்னை நிறுத்திவிட்டது. குறுந்தொகை 40ஆம் பாட்டின் அடிகள்! செம்புலப் பெயனீரார் சொற்களுக்கு மெட்டுப் போட்டவர் சிங்கப்பூர்க்காரர் ஷபீர். 2012 தேசிய தினத்துக்குச் 'சிங்கை நாடு' தந்தவர். இது 2019இல் வந்த 'சகா' படத்துக்கு.

இதே செய்யுளை நான் விளக்கியபோது பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். கடைக்கார அம்மாவின் மகளோ, எட்டு வயதிருக்கும், பிசகாமல் கூடவே பாடினாள். வெட்கமாகத்தான் இருந்தது.

"உங்க ஊர்க்காரர் பாட்டும்மா" என்றேன்.

"இல்ல அங்கிள், இது இந்தியாப் பாட்டு" என்றாள்.