அமெரிக்காவிலும் பத்திரம் கேட்கிறார்கள்

2028 அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் நிற்கப்போவது வான்ஸா, நியூசமா என்று இப்போதே பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். தோழர்களே, அந்தக் கணக்கு குதிரைப் பந்தயக்காரருக்குப் போதும். வாக்காளர் இடாப்பில் யாருடைய பெயரை வெட்டப் பார்க்கிறார்கள் என்பதைத்தான் தொழிலாளி கேட்க வேண்டும்.

வாக்காளராகப் பதிவதற்குப் பிரசை என்ற அத்தாட்சிப் பத்திரம் காட்ட வேண்டுமென 2025 மார்ச்சில் ட்ரம்ப் உத்தரவிட்டார். ஏப்ரலில் பிரதிநிதிகள் சபை அதையே சட்டமூலமாக நிறைவேற்றியது. ட்ரம்பின் உத்தரவை நீதிமன்றம் தடுத்தது. பிரசையல்லாதோர் ஜனாதிபதித் தேர்தலில் வாக்களிப்பது அங்கே ஏற்கெனவே குற்றம். பிறகு எதற்கு இந்தப் பத்திரம்?

முதன்முறை கடவுச்சீட்டு எடுக்க 165 டொலர். மத்திய அரசின் ஆகக்குறைந்த மணிக்கூலி 7.25 டொலர், 2009க்குப் பிறகு அதில் ஒரு சதமும் கூடவில்லை. அந்தக் கூலிக்காரனுக்கு இது ஏறத்தாழ மூன்று நாள் உழைப்பு. பிறப்புப் பத்திரம் காட்டலாமே என்பார்கள். கல்யாணத்துக்குப் பின் பெயர் மாறிய பெண்களுக்கு அதிலும் சிக்கல். பத்திரத்தில் ஓர் எழுத்து பிழைத்தால் எத்தனை நாள் கந்தோருக்கு அலைய வேண்டும் என்று நம் பெண்களைக் கேளுங்கள்!

நம்மிடமும் இப்படித்தான் கேட்டார்கள். தகப்பன், இல்லையேல் பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்ததற்கு அத்தாட்சி கொண்டுவா என்றது 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம். லயத்தில் பிறந்தவர்களின் பாட்டன் பிறந்ததை யார் பதிந்து வைத்தார்? 1947இல் இலங்கை இந்தியன் காங்கிரசிலிருந்து ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள். 1952இல் ஒருவர்கூடப் போகவில்லை.